வியர்வையும் நலங்கு மாவும்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் கோடைப் பகல் கடலோரப் பகுதிகளைவிடக் கடுமையாக இருப்பதற்குக் காரணம், வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்று இவ்வூர்களுக்குப் பிந்தி வந்துசேர்வதாகும். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டதும், அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்ததும், இந்த வட்டாரத்தை எந்திரங்களின் அனலில் நின்று உழைப்போரின் வாழிடமாக ஆக்கின. ஷிப்டு முடிந்து நெரிசலான மின்சார ரயிலில் கைப்பிடியைப் பற்றி நிற்கும் தொழிலாளிக்குத் தன் அக்குள் வாடை குறித்துக் கூச்சம் எழுவது இயல்பு. டியோடரண்ட் வணிகம் பெரிதும் இந்தக் கூச்சத்தையே நம்பி வளர்ந்திருப்பதால், வீட்டிலேயே கிடைக்கும் மாற்றுகள் எவை, அவை எவ்வாறு செயல்படுகின்றன என்பதை அறிந்திருப்பது நன்று.

வியர்வைக்குத் தனியே நாற்றம் ஏறக்குறைய இல்லை. உடல் முழுவதும் பரவியுள்ள சுரப்பிகள் உப்புநீரைச் சுரந்து உடலைக் குளிர்விக்கின்றன. அக்குள் போன்ற இடங்களில் பருவ வயதில் இயங்கத் தொடங்கும் அப்போக்ரைன் சுரப்பிகளோ கொழுப்பும் புரதமும் கலந்த நீரைச் சுரக்க, தோலில் வாழும் கோரினிபாக்டீரியம் முதலிய நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. கடைப் பொருள்களில் டியோடரண்ட் என்பது நுண்ணுயிரிகளைக் குறைத்து மணத்தால் வாடையை மறைப்பது. வியர்வைத் தடுப்பான் என்பது அலுமினிய உப்புகளால் வியர்வைக் குழாய்களின் வாயைத் தற்காலிகமாக அடைப்பது. ஆகவே எந்த மாற்றும் நுண்ணுயிரியைக் குறைக்கிறதா, ஈரத்தைக் குறைக்கிறதா, மணத்தை மட்டும் சேர்க்கிறதா என்று பிரித்தறிந்தே மதிப்பிடத்தக்கது.

இத்துறையில் தமிழரின் அறிவு பழமையானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் 10 வகைத் துவரும், அதாவது துவர்ப்புச் சரக்கும், 5 வகை நறுமணப் பொருளும், 32 வகை ஓமாலிகையும், அதாவது மணச்சரக்கும், ஊறியதாகக் கூறப்படுகிறது. அவ்வழக்கத்தின் எளிய தொடர்ச்சி எனத்தக்க நலங்கு மாவு என்பது பாசிப்பயறு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் நன்கு உலர்த்தி, மாவு மில்லில் அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளும் குளியல் பொடியாகும். பயற்றுமாவு எண்ணெய்ப் பசையை அகற்ற, வேரும் கிழங்கும் மென்மையான மணத்தைத் தருகின்றன. எனினும் குளித்துக் கழுவிவிடுவதால் அதன் பயன் சில மணி நேரமே நிற்கும்.

நெடுநேரப் பயனுக்கு ஏற்றது படிகாரம். முடிதிருத்தும் நிலையங்களில் சவரத்துக்குப்பின் தேய்ப்பதும், கடைவாசலில் திருஷ்டிக்காகத் தொங்குவதுமான இந்தக் கல்லை நீரில் நனைத்து, கழுவிய அக்குளில் மெல்லத் தடவினால், அதன் துவர்ப்புத் தன்மை தோலை இறுக்கி நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைக் குறைக்கிறது. ஆயினும் படிகாரமும் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்பே என்பதால், அலுமினியத்தைத் தவிர்க்க எண்ணுவோருக்கு அது மாற்றாகாது. அவர்கள் தேங்காய் எண்ணெயைச் சில துளிகள் தடவலாம்; அதில் ஏறக்குறைய பாதியளவுள்ள லாரிக் அமிலம் சில நுண்ணுயிரிகளை ஒடுக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது.

வீட்டில் உள்ளதெல்லாம் தீங்கற்றது என்ற நம்பிக்கை பிழையானது. ஆப்பசோடா காரத்தன்மை உடையதாதலால், இயல்பில் சற்றே அமிலத்தன்மை கொண்ட தோலைச் சிலருக்குத் தடித்துச் சிவக்கச் செய்கிறது. எலுமிச்சைச் சாறோ எரிச்சலைத் தருவதோடு, வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கருமையும் படியச் செய்யக்கூடும். திடீரென வாடை மாறினாலோ, வியர்வை அளவுமீறினாலோ மருத்துவரை நாடுவதே முறை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கழுவுதலும் உலர்த்துதலும் பருத்தி ஆடையுமே. வேலையிடத்தில் கழுவும் வசதி தொழிலாளியின் உரிமை என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் மறைவான தனியிடங்களுடன் வரையறுத்தது. உழைப்பின் வியர்வை இழிவன்று. அதைக் கழுவிக்கொள்ள ஷிப்டு முடிவில் போதிய நீரும் மறைவிடமும் கால் மணி நேரமும் தருவது ஒவ்வொரு பட்டறையும் உடனே நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.