சாக்குருவிக்கு ஒரு வாசல்

1986ஆம் ஆண்டு. ஜேர்மனிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களில் ஆறு பேரை நீடர்சாக்சன் மாநிலத்தில் ஒரு சின்னக் கிராமத்தில், பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் விட்டிருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. பகலில் நித்திரை, இரவில் விழிப்பு, ஊர்க் கடிதத்துக்குக் காத்திருப்பு. இவ்வளவுதான் வாழ்க்கை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு இரவு, பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் கொட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம். பழஞ்சீலையை ஒரே இழுவையில் கிழிப்பது போல நீளமாக ஒரு கத்தல்.

"டேய், சாக்குருவியடா! யன்னலைப் பூட்டு" என்றான் அறை நண்பன். அவனுடைய அம்மாவிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. "இவ்வளவு தூரம் வந்தும் உது விடுகுதில்லை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அன்று யாருமே சரியாக நித்திரை கொள்ளவில்லை.

அடுத்தநாள் நான் பண்ணைக்காரரிடம் போனேன். என்னிடம் அப்போது இருந்தது முப்பது நாற்பது டொச் சொற்கள். மிச்சத்தைக் கையால் கதைத்தேன். கத்தலையும் செய்து காட்டினேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொட்டிலுக்குள் கூட்டிப்போய் மேலே காட்டினார். முகட்டுச் சுவரில் ஒரு துவாரம். உடைந்த துவாரம் இல்லை, கட்டும்போதே விட்ட துவாரம்.

அதற்கு அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் 'ஊலன்லொக்' என்று பெயர். ஆந்தைத் துவாரம். அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளுக்குப் புகைபோக்கி இல்லை. அடுப்புப் புகை முகட்டுத் துவாரத்தால்தான் வெளியே போகும். அதே வழியால் ஆந்தை உள்ளே வந்தது. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் ஆந்தை இருந்தால் நல்லது என்று கண்ட விவசாயி, அதைத் துரத்தாமல் வாசல் விட்டுக் கட்டினான்.

டொச்சில் இந்த ஆந்தைக்கு 'ஷ்லையர்ஒய்லே' என்று பெயர். 'ஷ்லையர்' என்றால் முகத்திரை. இதயவடிவ வெள்ளை முகத்தைச் சுற்றி முக்காடு போட்டது போல இருக்கும். நம் நூல்களில் இதைத்தான் கூகை என்று எழுதுகிறார்கள். செட்டையை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு மீற்றர், ஆனால் நிறை 300 கிராமுக்குச் சற்று மேலேதான்.

அந்த முகம் அழகுக்கு இல்லை. சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பும் தட்டு அது. இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. அதனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதோடு எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதும் அதற்குத் தெரியும். கும்மிருட்டிலும் கேட்டே எலியைப் பிடித்துவிடும். இறகின் ஓரம் சீப்புப் போல இருப்பதால் பறக்கும் சத்தமும் இல்லை.

நிலத்தில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று நினைத்தேன். கிழவர் ஒன்றை எடுத்துப் பிய்த்துக் காட்டினார். மயிர், குட்டி எலும்புகள், ஊசி போன்ற பற்களுடன் எலி மண்டையோடுகள். எலியை முழுதாக விழுங்கி, சமிக்காததை இப்படிக் கக்கிவிடுமாம். ஓர் இரவுக்கு மூன்று நான்கு எலி ஒரு ஆந்தைக்கு வேண்டும். குஞ்சுகளும் இருந்தால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. எலி நிறைய உள்ள வருடத்தில் இரண்டு தரம் கூட முட்டையிடும். இல்லாத வருடத்தில் பேசாமல் இருந்துவிடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் ஒரே கூட்டில் பெரிய அண்ணனும் பஞ்சுத் தம்பியும் ஒன்றாக இருப்பார்கள்.

அந்தக் குஞ்சுகளை ஜூன் மாதத்தில் கிழவர் எனக்குக் காட்டினார். என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. காரணம் இருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பு பாயில் விழுந்தார். ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் விடியும்வரை அரிக்கன் லாம்பு எரிந்தது. பின்வளவுப் பாழ்வீட்டிலிருந்து ஒவ்வொரு இரவும் அந்தக் கத்தல். "அது கிழவனைக் கூப்பிடுது" என்றார்கள் வந்திருந்த பெண்கள். மாமா தடியோடு போனார். நானும் கூடப் போனேன், கல்லோடு. கூடு என்று ஒன்றும் இல்லை. சுவர்ப் பொந்தில் நான்கு வெள்ளைப் பஞ்சுக் குஞ்சுகள், ஒன்றைவிட ஒன்று சின்னது. மிச்சத்தை எழுத விருப்பமில்லை. நான் எறிந்த கல் எதில் பட்டது என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் அப்பு போய்விட்டார். அந்த நாலு இரவும் சாக்குருவி கத்தவில்லை.

"உங்கள் ஊரில் இதற்குப் பயமில்லையா?" என்று பிறகொரு நாள் கிழவரிடம் கேட்டேன். ஏன் இல்லை என்றார். மின்னலும் தீயும் அண்டக்கூடாது என்று ஆந்தையைப் பிடித்துக் கொட்டில் கதவில் ஆணி அடித்த காலம் இங்கேயும் இருந்ததாம். சின்ன ஆந்தை ஒன்று 'குவிட்' என்று கத்தும். அது 'கொம் மிற்', அதாவது 'என்னோடு வா' என்று கூப்பிடுவதாகச் சனம் நடுங்கியதாம். இரவில் விளக்கு எரிவது சாகக் கிடப்பவர் வீட்டில் மட்டும்தான். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு அந்த ஆந்தை வரும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. கூகை வெளிச்சத்துக்கு வருவதில்லை. அது எல்லா இரவும்தான் கத்தியிருக்கும். அப்பு படுத்த பிறகுதான் நாங்கள் விழித்திருந்து கேட்டோம்.

இங்கேயும் அதன் பாடு சுகமில்லை. 1977இல் இதை ஜேர்மனியின் 'ஆண்டின் பறவை' என்று அறிவித்தார்கள். அடுத்த வருடக் கடைசியில், 1978/79 குளிர்காலத்தில், வட ஜேர்மனி பனிக்குள் புதைந்தது. பனி மூடினால் எலி அடியில் இருந்துவிடும். உடம்பில் கொழுப்புச் சேர்க்காத இந்த ஆந்தை சில நாட்களிலேயே பட்டினியால் செத்துவிடும். புதுக் கொட்டில்களில் துவாரமும் இல்லை. அதனால்தான் ஒரு மீற்றர் நீளத்தில் மரப்பெட்டி செய்து, கொட்டில் சுவருக்கும் தேவாலயக் கோபுரத்துக்கும் உட்புறமாக வைக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் வயலில் எலி பிடிக்க ஆந்தை வந்து இருக்கட்டும் என்று தடி நட்டு வைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். பயம் போனால் வாசல் வைக்க மனம் வரும் போலிருக்கிறது.

போன மாதம் தங்கச்சி ஊரிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். மாமிக்குச் சுகமில்லை, மூன்று இரவாகச் சாக்குருவி கத்துகிறது, பெடியளை விட்டுத் துரத்தப் போகிறேன் என்றாள்.

"நீ மூன்று இரவாக நித்திரை கொள்ளேல்லை, அதுதான் கேக்குது. கல்லு மட்டும் எறிய விடாதை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்ணா, அண்டைக்கு நீங்கள் அழுதுகொண்டு வந்தது எனக்கு ஞாபகம்" என்றாள்.