ஊர்த் தண்ணி

பீரைக் கிளாஸில் ஊற்றியதும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். முதலில் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார்கள். "இது சாண்டல் சேடுங்க", "இல்லீங், கோராவுல துளி மஞ்சள்", "லேப் டிப் இப்படி வந்திருந்தா பையர் அன்னைக்கே ரிஜெக்ட் பண்ணியிருப்பான்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு வரும். வாரம் முழுக்கத் துணியைப் பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. தொண்ணூறுகளில், ஷிப்மென்ட் தூத்துக்குடிக்கு லாரியேறிய ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் பெரிய மாமாவின் பனியன் கம்பெனி மொட்டை மாடியில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் அப்போது சேம்பிள் செக்‌ஷனில் எடுபிடி. ஐஸும் வறுத்த நிலக்கடலையும் வாங்கி வருவது என் வேலை. குடிக்கிற வயசு வரவில்லை, கேட்கிற வயசு.

பாட்டிலெல்லாம் உள்நாட்டுச் சரக்குதான். கோல்டன் ஈகிள், கிங்ஃபிஷர், கல்யாணி பிளாக் லேபிள். டாஸ்மாக் சில்லறைக் கடைகளைக் கையில் எடுத்தது 2003-இன் கடைசியில். அதற்கு முன்பு தனியார் ஒயின் ஷாப்புகள்தான். நிட்டிங் காண்ட்ராக்ட் எடுத்த அண்ணன்தான் வாங்கி வருவார். கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் பாட்டிலைப் பைக்குள் வைப்பார். நம் பக்கத்து நீலகிரியிலேயே வெள்ளைக்காரன் பீர் காய்ச்சினான் என்று அவருக்கு ஒரு பெருமை. பொய்யில்லை. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவின் ஐந்து மதுவடிப்பாலைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கியபோது அவற்றில் நீலகிரி ஆலையும் ஒன்று. பட்டாளத்துச் சிப்பாய்களுக்குப் பெரிய பீப்பாய்களில், மாட்டு வண்டியில் பீர் போன காலம் அது.

பேச்சு மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1925-இல் பேபி நிட்டிங் தொடங்கிய நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் திருப்பூர் என்றால் வெள்ளை பனியன், ஜட்டி, அவ்வளவுதான். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். 1981-இல் சி அண்ட் ஏ கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. பல்லடத்துக்கு அந்தப் பக்கம் போகாத, தோட்டத்தை விற்றும் அடமானம் வைத்தும் மெஷின் போட்ட விவசாயி வீட்டுப் பிள்ளைகள், கையில் சேம்பிள் பெட்டியோடு ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். இங்கிலீஷ் பாதி, கைச்சாடை பாதி. திரும்பி வரும்போது ஆர்டரோடு கதைகளும் வந்தன.

மாமாவின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி. துணிக் கண்காட்சிக்காக அவர் அடிக்கடி போனது டுசல்டார்ஃப். அங்கே செம்பு நிறத்தில் ஆல்ட் என்ற பீர். ரைன் நதியோடு ஒரு நாற்பது கிலோமீட்டர் மேலே போனால் கொலோன். அங்கே வெளிர் மஞ்சளில் கோல்ஷ். நமக்கும் கோயமுத்தூருக்கும் உள்ள தூரம்கூட இல்லை. ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்து அந்த ஊர் பீரைக் கேட்டால் பரிமாறுகிறவர் முகம் மாறிவிடும். கொலோனில் 200 மில்லி மட்டுமே பிடிக்கிற ஒல்லிக் கிளாஸ். காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். வேண்டாம் என்றால் வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை, அந்த அட்டையைத் தூக்கிக் கிளாஸ் வாய்மேல் வைக்க வேண்டும். "நம்மூர் விருந்துல எலைய மூடற மாதிரிங்க. எலைய மூடாத வரைக்கும் சாதம் வந்துட்டேதான் இருக்கும்" என்பார் மாமா. முதல் தடவை அந்த முறை தெரியாமல், கொண்டு வருகிறவரை அவமதிக்கக் கூடாதென்று வந்ததையெல்லாம் குடித்து முடித்தாராம்.

பையிங் ஏஜென்ட் ஒருவர் உண்டு, ஆண்ட்வெர்ப் பக்கம் போய் வருகிறவர். பெல்ஜியத்தில் மடத்துத் துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள் என்று அவர் சொன்னபோது மாடியில் ஒருத்தரும் நம்பவில்லை. ஒவ்வொரு பீருக்கும் தனித்தனிக் கிளாஸாம், அந்தக் கிளாஸ் கழுவாமல் இருந்தால் அந்த பீரையே தர மாட்டார்களாம். இத்தாலி போனவர்கள் மொரெட்டி பாட்டிலில் இருக்கிற மீசைக்காரர் படத்தை மட்டும் சொல்வார்கள், ருசியைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. கின்னஸ் குடித்த ஒருவர், கருப்பு டை மிச்சமாகிப் போன வின்ச் தண்ணி மாதிரி நிறம், ஆனால் வாயில் வைத்தால் காப்பிக் கசப்பு என்றார். எனக்கு உலக வரைபடம் படிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த மாடியில்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் சாயப்பட்டறை மாஸ்டர் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார். "அந்தூருத் தண்ணி எப்படிங்?"

அவர் பாஸ்போர்ட்டே எடுக்காதவர். கெமிஸ்ட்ரி படித்தவர். பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். 1516-இல் பவேரியாவில் பீருக்குப் பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் இந்த மூன்றுக்கு மேல் சேர்க்கக் கூடாதென்று சட்டம் போட்டார்களே, பார்லியையும் பூவையும் எந்த ஊருக்கும் வண்டியில் ஏற்றலாம், தண்ணீரை ஏற்ற முடியாது என்பார். செக் நாட்டுப் பில்சன் ஊரில் உப்பே இல்லாத மென்னீர். 1842-இல் அங்கே காய்ச்சிய தெளிந்த பொன்னிற பீர்தான் இன்று உலகம் குடிக்கிற பொன்னிற லாகர் வகைக்கெல்லாம் மூத்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் கலந்த கடினநீர், அதனால் அங்கே கசப்பு தூக்கலான ஏல். டப்ளின் தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை அதிகம், அதற்கு வறுத்த பார்லியின் புளிப்பு ஈடுகொடுத்தது, கருப்பு பீர் பிறந்தது. "நம்ம டர்க்காய்ஸ் புளூ ஈரோட்டுல வேற, இங்க வேற வருதில்லீங், அதேதான்" என்று முடிப்பார். அவர் பேச ஆரம்பித்தால் கிளாஸ்களில் நுரை அடங்கிவிடும், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றி அவர் அவ்வளவு பேசியதற்குக் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. திருப்பூர் பனியன் வெள்ளையாக இருப்பதே ஊர்த் தண்ணீரால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெளுக்கிற வரைக்கும் அந்தப் பெருமை நிலைத்தது. கலர் டி-சர்ட் ஆர்டர்கள் குவிந்ததும் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு கொட்ட வேண்டியதாயிற்று, அந்த உப்பு நொய்யலில் இறங்கியது. 1992-இல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்குகிற குட்டையாகிப் போனது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பாயின, தென்னைகள் குருத்து வாடி நின்றன. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற ஆற்றைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், அந்த வாரம் ஐரோப்பாவில் எந்தக் கலருக்கு மவுசு என்று சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த உத்தரவு தேவையானது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வேலையிழந்து உட்கார்ந்திருந்த மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். ஆறு போன பிறகு வந்த தீர்ப்பு என்பதுதான் அவருடைய வருத்தம்.

மாடியின் மூலையில் கயிற்றுக் கட்டிலில் அப்புச்சி படுத்திருப்பார், மாமாவின் அப்பா. பீர் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உலகத்து பீரெல்லாம் பேசி ஓய்ந்த பிறகு அவர் முறை வரும். "நாலு மரம் தள்ளிப் போனா ருசி மாறும் கண்ணு. உங்க சீமைச் சரக்குல பாட்டில் மாறினாத்தானே மாறுது."

அவர் சொன்னது கள்ளைப் பற்றி. கள்ளுக்குப் பெயர் கிடையாது, லேபிள் கிடையாது. கிழக்கு வரப்பு மரம், கிணற்று மேட்டு மரம், ஓடையோரத்துப் பனை என்று மரத்தை வைத்துத்தான் பேச்சு. மரமேறி அதிகாலையில் ஏறிப் பாளையைச் சீவி முட்டியைக் கட்டுவார். பாளையை முதலில் நாட்கணக்கில் தட்டி, நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஊறாது, முரட்டுத்தனமாகத் தட்டினால் பாளையே செத்துவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, அதாவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலிருக்கிற ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கி மரத்தின் மேலேயே கள்ளாக்கிவிடும். காலை முட்டி இனிப்பு, மத்தியான முட்டியில் புளிப்பு ஏறும், சாயங்காலம் தலைக்கு ஏறும், மறுநாள் காடிதான். அன்றன்றைக்கு, அந்தந்தத் தோட்டத்துக்கு. பனங்கள் தை பிறந்து சில மாதங்கள், தென்னங்கள் வருஷம் முழுக்க. கிணறு வற்றிய கோடையில் இறக்கிய கள் கெட்டியாக இருக்கும், மழை பெய்த வாரத்தில் நீர்த்துப்போகும் என்று அப்புச்சி சொன்னபோது மாஸ்டர் எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கிறது. இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஒரே விஷயம்.

குடியின் இன்னொரு முகமும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனி வாசல்களில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனின் சம்பளக் கவருக்காகக் காத்திருந்த பெண்களைப் பார்த்தே வளர்ந்தேன். 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு இறங்கியதும், அவர்கள் வீட்டு ஈ.வெ.ரா. தன் தோப்பில் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான். அதற்கு முன்னால் என் ஏக்கம் சிறியது. ஆனால் பின்னால் நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1987 தொடக்கத்தில் சாராயத்தையும் கள்ளையும் சேர்த்துத் தடை செய்தார்கள். பாட்டில் சரக்கு மட்டும் மிஞ்சியது. எல்லாவற்றிலும் இளைத்ததும், விவசாயி கைக்குக் காசு தந்ததும், ஒரு நாளுக்கு மேல் பதுக்கிவைக்க முடியாததுமான ஒன்று போய்விட்டது. அதைவிட வேகமானது தெருமுனைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை வாசலில் காத்திருந்த பெண்களுக்கு இதனால் ஒரு நன்மையும் விளையவில்லை. கள்ளுக்காகக் கொங்கு விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். இப்போது தென்னையில் நீரா இறக்க உரிமம் தருகிறார்கள், அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். மரமேறத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை.

அப்புச்சி போனார். மாமா போனார். மாஸ்டர் மகன் வீட்டில் இருக்கிறார், காது மந்தம். தோப்பு இருந்த இடத்தில் காம்பாக்டிங் யூனிட். எங்கள் வீட்டுப் பையன்கள் பெங்களூரு போய் வந்து, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற கடைகளைப் பற்றி, ஹாப்ஸ் வகைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நன்றாகவே பேசுகிறார்கள். மாமா இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த மொட்டை மாடியில் இப்போது தகரக் கூரை போட்டு வடக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். போன மாதம் கணக்குக் கொடுக்கப் போனபோது, ஜார்க்கண்ட் டெய்லர் ஒருவன் தன் அம்மா காய்ச்சும் ஹண்டியாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சோறு வடித்து ஆறவைத்து, ரானு என்ற மூலிகை உருண்டையைப் பொடித்துக் கலந்து பானையில் மூன்று நாலு நாள் மூடிவைத்து, தண்ணீர் விட்டு வடித்துச் சால இலைத் தொன்னையில் ஊற்றிக் கொடுப்பார்களாம். அசாமிலிருந்து வந்த மிசிங் பழங்குடிப் பையன் விடவில்லை. அவன் ஊர் ஆபோங்கில் உமியையும் வைக்கோலையும் எரித்த சாம்பல் சேர்ப்பார்களாம், கருப்பாக, மணமாக இருக்குமாம், அதற்கு முன்னால் ஹண்டியா எதுவுமில்லையாம். பாதித் தமிழ், பாதி இந்தியில் சண்டை நீண்டது. கடைசியில் என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். "அண்ணா, உங்க ஊர்ல என்ன இருந்துச்சு?"

நின்றபடியே ஆரம்பித்தவன் உட்கார்ந்துவிட்டேன். பாளை தட்டுவது, சுண்ணாம்பு, முட்டி, எல்லாம் சொன்னேன். ஒரே மரத்துக் கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றபோது இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டார்கள். எங்கே கிடைக்கும் என்றார்கள். இங்கே கிடையாது, பொள்ளாச்சி தாண்டிக் கேரள எல்லையில் கோபாலபுரத்தில் கிடைக்கும் என்றேன். பொங்கல் லீவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும், மத்தியானம் ஆகிவிட்டால் காலை முட்டி தீர்ந்திருக்கும்.