இரண்டே பேர், இரண்டே நாள்

கலியாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷமான சகோதரிகளை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் குழந்தைகளைப் பற்றி அல்லாத ஒரு விஷயத்தை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கடைசியாக எப்போது பேசினீர்கள்? பள்ளிக்கூடச் சம்பளம், டியூஷன், இருமல் மருந்து, கிழிந்துபோன ஷூ, கணக்கில் வாங்கிய மார்க்கு, இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அநேகமாக, "வாசல் கதவைத் தாழ் போட்டாயிற்றா?" என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்!

அதனால்தான், கலியாண நாளுக்கு ஒரு புடவையோடும் ஓட்டல் சாப்பாட்டோடும் திருப்தி அடைந்துவிடாமல், இரண்டு நாள் இரண்டே பேராக எங்கேயாவது போய் வாருங்கள் என்று சொல்கிறேன். எங்கே போவது? ஊட்டி, கொடைக்கானலைப் பற்றி எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் நம்மில் தை மாதத்தில் கலியாணமானவர்கள் ஏராளம். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கும்பகோணத்திலிருந்து திருவையாறு வரையில் உள்ள காவேரிக் கரை. அந்தப் பக்கம் வயலும் வீடுமாக ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். என் கணவருக்கு அப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார்.

குழந்தைகளை என்ன செய்வது?

"விட்டுவிட்டுப் போவதா? பெற்ற மனசு கேட்குமா?" என்கிறீர்கள். கேட்காதுதான். ஆனால் பாட்டி வீட்டில் குழந்தைகள் நம்மை நினைத்து ஏங்கி உருகுவார்கள் என்பது நாமாக வளர்த்துக்கொண்ட நினைப்பு. பொரித்த அப்பளமும், இரவில் கதையும், கேட்பாரில்லாத டெலிவிஷனும் கிடைத்த குழந்தை இரண்டு நாளைக்கு அம்மாவைத் தேடாது. ஏங்குவது நாம்தான்!

ஆகவே புறப்படும்போதே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் டெலிபோன். அதற்குமேல் கிடையாது. மணிக்கொரு தரம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தால், உடம்பு கும்பகோணத்திலும் மனசு வீட்டிலுமாக இருக்கும். ரயில் கட்டணம்தான் தண்டம்.

படியில் எழுதிய வருஷம்

சென்னையிலிருந்து கும்பகோணம் ரயிலில் சுமார் 300 கிலோமீட்டர். இரவில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். இறங்கியதும் முதல் காரியம் பித்தளை டபராவில் நுரை ததும்ப ஒரு டிகிரி காப்பி. குழந்தை தட்டிவிடுமோ என்ற பயம் இல்லாமல், சூடு ஆறுவதற்குள், உட்கார்ந்து குடிக்கிற காப்பி! அதற்காகவே இந்தப் பிரயாணம் தகும் என்று சொல்வேன்.

கும்பகோணத்தில் கோயில்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தால் கால்தான் வலிக்கும். இரண்டு இடம் போதும்.

ஒன்று தாராசுரம். ஊரை ஒட்டினாற்போல் இருக்கிறது. இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. முன்மண்டபத்தையே குதிரைகள் இழுக்கும் ரதம்போல், சக்கரத்தோடு செதுக்கியிருக்கிறார்கள். அங்கே யானையும் காளையும் சேர்ந்த சிற்பம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் தலை ஒன்றே. இந்தப் பக்கத்துக் உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை தெரியும். என் கணவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம் வீட்டுப் படம் அல்லவா?" என்றார். யானை யார், காளை யார் என்று நான் கேட்கவில்லை.

மற்றொன்று சுவாமிமலை. தகப்பனுக்கே பிரணவத்தின் பொருளைச் சொன்ன பிள்ளையின் படைவீடு. குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தாலும் இங்கே ஒரு குழந்தை மேலே உட்கார்ந்துகொண்டு நம்மை ஏற வைக்கிறான்! ஏறுவதற்கு 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை 60 தமிழ் வருஷங்களையும் குறிப்பவை அவை. வருஷத்தின் பெயரும் எழுதியிருக்கிறது. உங்கள் கலியாண வருஷத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு யோசனை: தமிழ் வருஷம் சித்திரையில்தான் மாறுகிறது. ஆகவே 2013-ஆம் வருஷம் தை மாதம் தாலி கட்டிக்கொண்டவர்கள் 'விஜய' வருஷத்தைத் தேடக் கூடாது; அதற்கு முந்திய 'நந்தன'வைத் தேட வேண்டும். அறுபதில் அது 26-ஆவது.

எங்கள் படியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தேன். குழந்தைகள் நம் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவது இருபது, இருபத்தைந்து படிகள்தான் அல்லவா? அதற்கு மேலும் படிகள் இருக்கின்றனவே, அங்கே யாரோடு பேசிக்கொண்டு ஏறுவது என்று தோன்றிற்று. ஆனால் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. இறங்கியதும், ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவேரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டுப் பஞ்சலோகம் வார்ப்பதைப் பார்க்கப் போய்விட்டோம்.

சித்தியின் கேள்வி

சுவாமிமலையிலிருந்து கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு போகிற சாலை காவேரியை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் பழுத்துச் சாய்ந்த சம்பா நெல். திருவையாற்றுக்கு இப்பாலேயே இருக்கிறது சித்தப்பாவின் கிராமம். அவருக்கு நிலம் 12 மா. அந்தப் பக்கத்தில் நிலத்தை இன்னமும் 'மா' கணக்கில்தான் பேசுகிறார்கள். மூன்று மா ஓர் ஏக்கர். வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், கொல்லையில் கிணறு, மாட்டுக் கொட்டில், வைக்கோல் போர், நாலு தென்னை, ஒரு முருங்கை. இவ்வளவும் இரண்டு பேருக்கு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில்.

வண்டியை விட்டு இறங்குவதற்குள் சித்தி எட்டிப் பார்த்து, "எங்கம்மா குழந்தைங்க?" என்று கேட்டாள். கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். சமாதானம் சொல்லத் தடுமாற வேண்டாம். "கலியாண நாள் சித்தி. நாங்கள் இரண்டு பேருமாக வந்தோம்" என்று நான் உள்ளதைச் சொன்னேன். "இது என்ன புதுப் பழக்கம்?" என்பாள் என்று எதிர்பார்த்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணினே. நாங்க இதைப் பண்ணலை" என்றாள்.

அன்று இரவு மொச்சைக் கொட்டைக் குழம்பும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்ட பிறகு, ஆண்கள் திண்ணைக்குப் போனார்கள். பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டே சித்தி சொன்னாள்.

"சின்னவன் பிளேன் ஏறின அன்னிக்கு ராத்திரி, உங்க சித்தப்பாவும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். சாதம் போட்டேன், குழம்பு விட்டேன். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியலை. முப்பது வருஷமா பசங்க பேச்சுதானே எங்க பேச்சு? அதுவும் அவங்களோடயே போயிடுச்சு. இவர் சுவரைப் பார்க்கிறார், நான் தட்டைப் பார்க்கிறேன். அப்படியே ஒரு வருஷம் ஓடிச்சும்மா."

"அப்புறம்?" என்றேன்.

"வெத்திலைதான் காப்பாத்திச்சு" என்று சித்தி சிரித்தாள். "ஒரு நாள் இவரா ரெண்டு வெத்திலையைத் துடைச்சு, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, 'உனக்குச் சுண்ணாம்பு இவ்வளவு போதுமா?'ன்னார். கட்டிக்கிட்டு வந்த முப்பது வருஷத்திலே கேட்காத கேள்வி! அதிலேர்ந்துதான் பேச ஆரம்பிச்சோம்."

திண்ணைக்கு வந்தோம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. முதல் மடிப்பை, எங்களைக்கூடக் கவனியாமல், சித்தியிடம் நீட்டினார். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாலு பேரும் பதினோரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அறுப்புக்கு முன்னால் விதைப்பு

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் புறப்பட்டோம். பட்டணத்துச் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈர வரப்பில் வழுக்கும்.

மேட்டூர் அணை 1934-இல் திறந்ததிலிருந்து இந்தச் சீமையின் பஞ்சாங்கமே அணைத் தண்ணீர்தான். ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். அணையில் போதிய நீர் இல்லாத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போய்விடும். அப்போது குறுவையும் போய்விடும். சம்பா ஒன்றுதான் கதி. சம்பா அறுப்பு தையில். அதனால்தான் அந்த மாதத்தில் அங்கே கையில் காசும், முகத்தில் சிரிப்பும், வீட்டில் கலியாணமும்.

ஒரு வயலில் நெல் அறுபடாமல் நின்றது. சித்தப்பா குனிந்து பயிரை விலக்கிக் காட்டினார். அடியில், ஈர மண்ணில், சின்னஞ்சிறு முளைகள்!

"உளுந்து" என்றார். "அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே பயிருக்குள்ளே தெளிச்சிடணும்."

"அறுத்தான பிறகு சாவகாசமாக விதைக்கக் கூடாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"அறுத்து, கட்டி, களம் சேர்க்கறதுக்குள்ளே மண்ணு காய்ஞ்சிடும் தம்பி. அப்புறம் அணைத் தண்ணியும் கிடையாது. ஈரம் இருக்கும்போதே விதைச்சாத்தான் முளைக்கும். முளைச்சுட்டா பிறகு பனி ஈரத்திலேயே வளர்ந்து, எழுபது நாளிலே காய்ச்சுடும். இப்ப மிஷின் அறுப்பு வந்ததிலேர்ந்து சக்கரத்திலே கொஞ்சம் நசுங்குது. இருந்தாலும் விதைக்காம விடறதில்லை."

அவர் உளுந்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்கோ முந்தின நாள் இரவு சித்தி சொன்னதும் இதுவும் ஒன்றாகவே பட்டது. பிள்ளைகளை வளர்த்து, படிக்க வைத்து, அனுப்பிவிட்டு, அதன் பிறகு நாம் இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோமே, அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டால்? சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வெற்றிலை கை கொடுத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

சித்தப்பா களத்துக்குப் போய்விட்டார். நாங்கள் வரப்பு வழியே திரும்பினோம். வரப்பில் ஜோடியாக நடக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகத்தான். வாய்க்காலின் குறுக்கே கிடந்த தென்னை மரத்தின்மேல் அவர் முதலில் போய், திரும்பி நின்று, கையை நீட்டினார். அக்கரையில் உட்கார்ந்தோம். வேறு ஊருக்கு மாற்றல் வருமோ என்று ஒரு வருஷமாகத் தமக்கு இருந்த கவலையை அப்போதுதான் சொன்னார். ஒரு வருஷம்! ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ்! வந்தால் என்ன செய்யலாம் என்று பேசினோம். முடிவு ஒன்றும் ஏற்படவில்லை. ஆனால் அதுவரை ஒருவர் சுமந்த மூட்டையை இருவருமாகத் தூக்கினாற்போல் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

சொந்தக்காரர் வீடுதானே என்று திடீரென்று போய் நிற்காதீர்கள். என்றைக்கு வருகிறோம், எத்தனை வேளை இருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓர் இரவு என்றால் ஓர் இரவுதான். இல்லாவிட்டால் அங்காளி பங்காளி வீடுகளுக்கெல்லாம் போய்க் காப்பி குடிப்பதிலேயே இரண்டு நாளும் போய்விடும். பட்டணத்து மிட்டாய்ப் பெட்டியை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். "என்ன மருந்து வாங்கி வர வேண்டும்? மிக்ஸிக்கு ஏதாவது சாமான் வேண்டுமா?" என்று கேட்டு, வாங்கிக்கொண்டு போனால் மனம் குளிர்வார்கள். அடுக்களையில் கை கொடுங்கள். நல்ல பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும்.

திரும்பும் வழியில் திருவையாற்றில் இறங்கிக் காவேரிப் படித்துறையில் கொஞ்சம் உட்காருங்கள். 1847-இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. கவனிப்பாரின்றிக் கிடந்த இடத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பணத்தில் 1920-களில் ஆலயம் எழுப்பினார். அதற்கு எதிரிலேயே அந்த அம்மாளின் சமாதியும் இருக்கிறது. பெண்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். பிறகு, பாசிப் பருப்பில் நெய் சொட்டக் கிண்டிய அசோகா அல்வாவைக் குழந்தைகளுக்கு வாங்கிக்கொண்டு தஞ்சாவூரில் ரயில் ஏறலாம்.

காவேரிக் கரையில் உங்களுக்குச் சித்தப்பா இல்லையா? பாதகமில்லை. சேலத்துப் பக்கம் ஒரு மாமா இருக்கலாம். திருநெல்வேலியில் ஓர் அத்தை இருக்கலாம். ஒருவருமே இல்லாவிட்டால் பக்கத்து ஊர் ஆற்றங்கரை இருக்கவே இருக்கிறது. காலண்டரை எடுத்து உங்கள் கலியாண நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குப் பக்கத்து நாளையும் சேர்த்தே போடுங்கள். பரீட்சை, ஆபீஸ், விருந்தாளி என்று எது குறுக்கே வந்தாலும் அந்த வட்டத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். முக்கியமாக, இப்போதே போடுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போதே.