இயந்திரத்தின் வயதும் மரத்தின் வயதும்

பவனா ஆற்றுக்கும் இந்திராயணி ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் அமைந்த நிக்டிக்குக் கடல் இல்லை. ஆனால் இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. அருகே பிம்ப்ரியில் டாடா நிறுவனத்தின் ஆலை. புனே நகரை நோக்கிச் சென்றால் கட்கியில், 1946ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம். நிக்டியிலேயே லாரிகள் வந்து நிற்கும் டிரான்ஸ்போர்ட் நகர். பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய தமிழர் பலர் எவ்வூரிற் பிறந்தவராயினும் இயந்திரத்தின் மொழியைக் கற்றவர்களே. மண்டபத்துக் கடற்கரையிற் பிறந்த நாங்கள், உடன்பிறந்தார் இருவரும், அவ்வாறு கற்றவர்கள்.

ஆகவே ஊரில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்யும் எங்கள் பெரியப்பா மகன், "தம்பிகளா, எஞ்சினை மாத்திரலாமா? நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று தொலைபேசியிற் கேட்டதில் வியப்பில்லை. அண்ணன் அப்படகைப் புதிதாகக் கட்டியவர் அல்லர். பிறர் ஓட்டிய மரப்படகைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் விலைக்கு வாங்கியவர். அதனுள் இருப்பது ஆறு சிலிண்டர் கொண்ட லேலண்ட் இயந்திரம். அது காலையிற் கிளம்ப மறுத்தது, மசகெண்ணெயைக் குடித்தது, நீலப் புகை கக்கியது. அப்புகையை அண்ணன் கைப்பேசியிற் படமெடுத்தும் அனுப்பினார்.

புகையின் நிறம் இயந்திரத்தின் நாடி போன்றது. கரும்புகை, எரிபொருள் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ சுமை கூடியோ இருப்பதைக் காட்டும். வெண்புகை, எரியாத டீசலையோ உள்ளே புகுந்த நீரையோ காட்டும். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். பெரும்பாலும் பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்துவிட்டன என்பது பொருள். தேய்ந்தவற்றை மாற்றலாம், கிராங்க் தண்டைக் கடைந்து புதிய பேரிங் இடலாம். எனவே பழைய இயந்திரம் இறந்துவிடவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாயிற்று.

ஆயினும் புதியது வாங்கும் ஆசை அண்ணனுக்கு இருந்தது. அதற்குக் காரணம் பகட்டன்று, அச்சம். "வண்டி நின்னுபோனா இறங்கித் தள்ளலாம். கடல்ல இறங்கித் தள்ள முடியுமா?" என்றார். பாக்கு நீரிணையில் இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் எல்லைக்கோடு 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையப்பட்டது. மன்னார் வளைகுடாவின் கோடு 1976இல். தனுஷ்கோடியிலிருந்து அக்கரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவே. இயந்திரம் நின்ற படகுக்குக் கோடு தெரியாது. நீரோட்டம் இழுத்த வழியே போகும். பொழுது விடிகையில் படகும் ஆட்களும் அயல்நாட்டுக் காவலில் இருக்க நேரலாம். இந்தக் கடலில் இயந்திரத்தின் நம்பகம் என்பது வேகத்தினும் மேலானது. அதில் அண்ணனோடு செல்லும் நால்வரின் குடும்பங்களும் அடங்கியுள்ளன.

டிரான்ஸ்போர்ட் நகரில் எங்களுக்குப் பழக்கமான பழுதுநீக்குநர் ஒருவர் வேறொரு வழி கூறினார். விபத்திற் சிக்கிய லாரியின் நல்ல இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதைக் கழற்றி அனுப்பலாம் என்றார். தமிழகக் கரையில் லாரி இயந்திரத்தின் உறவினங்களே பல படகுகளில் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் லாரிக்கு ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு; சாலை நெரிசலில் ஓய்வும் உண்டு. படகுக்கோ எந்நேரமும் ஏற்றந்தான். வலையை இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக ஒரே சுமையில் உழைக்க வேண்டும். லாரியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று வரும். படகின் அடித்தளத்தில் ஏது காற்று? கடல்நீரால் குளிர்விக்கும் அமைப்பு வேண்டும். கடலுக்கென்று செய்த கியர்ப்பெட்டி வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் மலிவு என்பது மறைந்துபோகும்.

பெரிய இயந்திரமாக வைத்தால் விரைந்து போகலாமே என்பது அண்ணனின் மகனுடைய விருப்பம். இவ்விடத்தில் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃபிரூடு எங்களுக்குத் துணைவந்தார். 1872ஆம் ஆண்டில் டார்க்கீ நகரில் நீர்த்தொட்டி அமைத்து, சிறு கப்பல் மாதிரிகளை அதில் இழுத்து, நீர் தரும் தடையை ஆராய்ந்தவர் அவர். நீரைக் கிழித்துச் செல்லும் கனத்த படகு, தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிறைப்படும்; அதன் நீளமே அதன் வேகத்துக்கு வரம்பு. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அவ்வரம்பு ஏறத்தாழக் கிடைக்கும். அண்ணனின் படகு நீர்க்கோட்டில் 36 அடி; வர்க்கமூலம் 6; வரம்பு ஏறத்தாழ 8 கடல்மைல். இப்போதைய இயந்திரமே நல்ல நிலையில் அவ்வேகத்தை நெருங்கியது. அதற்கு மேற்பட்ட குதிரைத்திறன் முழுவதும் அலையை உயர்த்தவும் டீசலைக் கரைக்கவுமே பயன்படும். மேலும், காற்றாடியைச் சுழற்றத் தேவையான திறன் சுழற்சி வேகத்தின் முப்படியாக உயர்வது. சுழற்சியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். போதாக்குறைக்கு, தமிழக அரசின் 2020ஆம் ஆண்டு மீன்பிடி விதிகள் 240 குதிரைத்திறனை மேல்வரம்பாக வைத்துள்ளன.

கணக்குகள் இவ்வாறிருக்க, முதன்மையான வினாவை எழுப்பியவர் எங்கள் மதினி. புதிய இயந்திரத்துக்கு அடகு போகவிருந்தவை அவருடைய நகைகள். "கடன் அடையறதுக்கு முந்தி பலகை செத்துப்போச்சுன்னா, அந்த எஞ்சினைத் திண்ணையிலயா வச்சுக் கும்பிடுறது?" என்று கேட்டார். ஆலையில் பயின்ற நாங்கள் இயந்திரத்தையே நோக்கியிருந்த வேளையில், அடுப்படியிலிருந்து வந்த அவ்வினா முழுப் படகையும் நோக்கியது.

ஆகவே இயந்திரத்தை விட்டு மரத்துக்கு வந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளாக நீண்ட இத்தடை, மீனுக்கு இனப்பெருக்கக் காலம். படகுக்கு மருத்துவக் காலம். படகு கரையேறியதும், நாங்கள் தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருக்க, அண்ணனும் தச்சரும் சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டினர். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். உப்புநீர் படும் வெளிப்பக்கத்தைக் காட்டிலும், மழைநீர் தேங்கும் உள்மூலைகளே விரைவில் மக்கும் என்பதைத் தச்சர் அறிந்திருந்தார். ஏராக்கட்டை உறுதியாக இருந்தது. வங்குகள் தாங்கின. இரண்டு பலகைகளைக் கப்பற்புழு துளைத்திருந்தது. ஆனால் இயந்திரம் அமர்ந்திருந்த கட்டைகள் இரண்டிலும், பல்லாண்டு எண்ணெய் ஊறிய இடங்களில், உளி தடையின்றி இறங்கியது.

பல நாளாகப் படகு நடுங்கிய காரணம் அப்போது விளங்கிற்று. அடிக்கட்டை தளர, இயந்திரமும் தண்டும் நேர்கோடு தவறியிருந்தன. அக்கட்டையின் மேல் எத்துணை விலையுயர்ந்த புதிய இயந்திரத்தை வைத்தாலும் அதுவும் சில பருவங்களில் நடுங்கத் தொடங்கும்.

படகின் வயதோடு தொழிலின் வயதையும் எண்ண வேண்டியிருந்தது. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவலை முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசு, பாக்கு நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடற் படகுகளுக்கு மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இழுவலைக்கென்றே அமைந்த மரப்படகு இன்னும் இருபதாண்டு ஓடும் என்று நம்பிக் கடன்படுவது அறிவுடைமை ஆகாது.

எனவே நாங்கள் எழுதி அனுப்பிய கருத்து இது: இருக்கும் இயந்திரத்துக்கே லைனர், பிஸ்டன், வளையம் மாற்றி முழுப்பழுது பாருங்கள். அதற்கு முன் அடிக்கட்டைகளையும் புழுத்த பலகைகளையும் மாற்றிக் கலப்பத்து அடியுங்கள். தண்டின் நேர்கோட்டைக் கரையில் பார்த்ததோடு விடாமல், படகு மிதக்கத் தொடங்கிய பின் மீண்டும் பாருங்கள். நீரில் இறங்கியதும் மரம் தன் வடிவைச் சிறிது மாற்றிக்கொள்ளும். எரிபொருள் வடிகட்டிகளுக்கும் நீர் ஏற்றும் பம்புக்கும் உரிய மாற்றுப் பொருள்களைப் படகிலேயே வையுங்கள். கடலில் இயந்திரத்தை நிறுத்துபவை பெரும்பாலும் இத்தகைய சிறு பொருள்களே.

செலவு, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்களவில் நின்றது. மதினியின் நகைகள் பெட்டியிலேயே இருக்கின்றன. ஆழ்கடற் படகில் பங்கு சேரும் நாள் வந்தால் அவை அதற்கு உதவட்டும் என்பது அவர் எண்ணம். அண்ணனின் மகனுக்கு மனக்குறைதான். நாங்கள் அவனைக் குறை கூறோம். இளமைக்கு வேகத்தின்மேல் விருப்பம் இயல்பு.

இயந்திரத்துக்கு ஒரு வயது, மரத்துக்கு ஒரு வயது, தொழிலுக்கு ஒரு வயது. இம்மூன்றில் எது முதலில் முடியுமோ, அதன் அளவுக்கே மற்றவற்றில் பொருளைப் போட வேண்டும். நிக்டியில் பழைய வீட்டைப் புதுக்குவோர்க்கும், பழைய வண்டியைப் பழுது பார்ப்போர்க்கும் இக்கணக்குப் பொருந்தும் என்று கருதியே இதனை இங்கு எழுதினோம்.