காரில் கேட்ட சத்தமும் நாங்கள் சொன்ன தீர்ப்பும்



பழைய கார் வைத்திருக்கும் ஊர் உறவுகளுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஒருவருக்காவது பிரயோசனப்பட்டால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குத் தினமும் போய் வருகிறோம். கார் 1990களில் வந்த யப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலையே ஏறிப் போனது. 2025இல் மீண்டும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் புதியது எடுக்க எங்கள் சம்பளம் இடம் கொடுக்காது. இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். உங்களில் பலரும் அப்படித்தான்.

சில மாதங்களுக்கு முதல் காரில் ஒரு சத்தம் தொடங்கியது. தூரத்தில் நெல் மில் ஓடுவது போல ஒரே இரைச்சல். முதல் வாரம் ரோட்டுதான் சரியில்லை என்றோம். அடுத்த வாரம் ரேடியோவைக் கூட்டி வைத்தோம். அதற்கடுத்த வாரம் பின் சீட்டிலிருந்த மகள், "வாப்பா, கார் ஏன் முணங்குது?" என்று கேட்டாள்.

அன்றே நாங்களாக ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். சொக் அப்சோபர் போய்விட்டது! கூடப் படிப்பிக்கும் ஒருவரின் காரில் அப்படித்தான் நடந்ததாம். பின்னேரமே ஊரிலுள்ள ஒரு இளம் மெக்கானிக்கிடம் போனோம்.

"தம்பி, சொக் போயிட்டுது. முன்னுக்கு ரெண்டையும் மாத்துங்க."

"ஒருக்கா ஓடிப் பாக்கட்டா சேர்?"

"நேரமில்ல தம்பி, மாத்துங்க."

மாற்றினார். 40,000 ரூபாய்க்கு மேல் முடிந்தது. மறுநாள் காலை திருக்கோவில் தாண்டும்போது அதே இரைச்சல். எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாடசாலையில் சொன்னோம், ஒரு கலியாண வீட்டிலும் சொன்னோம்: "அந்தக் கராஜுக்குப் போயிராதீங்க, காசுதான் போகும்." எங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் வாகனத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். டீச்சர், சேர் சொன்னால் ஊர் நம்பும்தானே.

உம்மாவை அம்பாறைக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு அந்தச் சத்தத்தோடு போக மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் வயதாகி வேலையை விட்ட ஒரு பழைய பாஸ் இருக்கிறார். அவரிடம் போய், "மாமா, சொக் மாத்தியும் சரிவரல்ல" என்றோம்.

அவர் காரைப் பார்க்கவே இல்லை. "எப்ப சத்தம் வருது எண்டு மட்டும் சொல்லுங்க மகன். என்ன பழுது எண்டு நான் சொல்றன்" என்றார். எத்தனை வேகத்தில் தொடங்குகிறது? பிரேக் பிடித்தால் மாறுகிறதா? வளைவில் கூடுகிறதா, குறைகிறதா? ஒரு மாதமாக நாங்கள் கேட்ட சத்தம். ஒரு கேள்விக்கும் எங்களிடம் பதிலில்லை.

ஆளில்லாத வயல் ரோட்டுக்குப் போனோம். அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார்.

40இல் தொடங்கிய சத்தம் வேகத்தோடு கூடியது. நியூட்ரலில் விட்டோம். எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. அப்படியென்றால் எஞ்சின் இல்லை. பிரேக்கை மெதுவாகத் தொட்டோம், மாற்றமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டமடித்தோம். அப்போது டக் டக் என்று கேட்டால் சீவி ஜொயின்ட் போயிருக்குமாம். கேட்கவில்லை. ரயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மேடு பள்ளமாகத் தேய்ந்த ரயரும் இப்படி இரையுமாம். எங்களுடையது சமமாகத்தான் தேய்ந்திருந்தது.

கடைசியாக ஓடும்போதே இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னார். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடியது. வலப்பக்கம் திருப்பும்போது குறைந்தது. "இடப்பக்கம் திருப்பினா பாரம் வலப்பக்கம் விழும். வலது முன் வீல் பெயாரிங்" என்றார்.

வீட்டுக்கு வந்து, பின் சில்லுகளுக்குக் கல் அடைவைத்து, ஜக் அடித்து, பாடிக்கு ஸ்டான்டும் கொடுத்தோம். சில்லைச் சுற்றியபடி சொக்கின் ஸ்பிரிங்கில் கை வைக்கச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவது போல விரலில் தெரிந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சில்லு லேசாக ஆடியது. "இதோட உம்மாவ ஏத்திட்டுப் போகப் பாத்தீங்களா?" என்றார். பெயாரிங் முற்றாகப் போனால் ஓட்டத்திலேயே இறுகலாம், சில்லே கழன்றுவிடவும் கூடும். பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாதம் ரேடியோவைக் கூட்டியிருக்கிறோம்.

அந்தத் தம்பியிடமே திரும்பப் போனோம். நடந்ததைச் சொன்னோம். பழைய பெயாரிங்கைக் கழற்றி எங்கள் கையில் வைத்தார். கிறீஸ் காய்ந்து, உள்ளே குண்டுகள் பொரிந்து கிடந்தன. புதியதைப் பிரெஸ் பண்ணிப் பூட்டினார். ஓடிப் பார்த்தோம். சத்தமே இல்லை.

"அண்டைக்கு ஓடிப் பாக்கட்டா எண்டு கேட்டேனே சேர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு வலித்தது. அவரைப் பற்றிப் பேசித் திரிந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்த இரண்டு பேரையும் தேடிப்போய், பிழை எங்களுடையது என்றோம். ஒருவர் திரும்ப அவரிடம் போனார். மற்றவர் போகவில்லை. கலியாண வீட்டில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாது. இந்தப் பதிவு அவர்களுக்கும்தான்.

பிள்ளை எந்த இடத்தில் பிழைவிடுகிறது என்று பார்க்காமல் "மக்கு" என்று முடிவெடுக்காதே என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு மெக்கானிக்குக்கும் அது பொருந்தும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பழைய வாகனம் வைத்திருப்பவர்களே, கராஜுக்குப் போக முதல் ஒரு துண்டில் எழுதுங்கள்: சத்தம் எந்த வேகத்தில் வருகிறது, நியூட்ரலில் நிற்கிறதா, பிரேக்கில் மாறுகிறதா, எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது. அதைக் கொடுத்து, அவரை ஒருக்கா ஓடிப் பார்க்க விடுங்கள். பழுதின் பெயரை அவர் சொல்லட்டும்.

உம்மாவைக் கிளினிக் கொண்டுபோய்க் கூட்டி வந்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ். உங்கள் பயணங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.