ஏழு நாளில் ஒரு நாள்

1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது நாட்டு நலப்பணித் திட்டம். விடுமுறையில் நடக்கும் அதன் ஏழு நாள் சிறப்பு முகாம் என்றதும் தெருக்கூட்டலும் மரக்கன்று நடுதலுமே பலர் நினைவுக்கு வரும். தமிழ் பயிலும் மாணவர்க்கு அங்கே வேறொரு பணியும் உண்டு என்பது நம் எண்ணம்.

குறிஞ்சியையும் மருதத்தையும் வகுப்பறையில் உரையின் துணையோடு கற்பிக்கிறோம். தேவதானப்பட்டியிலோ வடக்கே கொடைக்கானல் மலைச்சரிவு, அதன் அடியில் மஞ்சளாறு அணை, கீழே பாசன வயல்கள் என எல்லாம் கண்முன் கிடக்கின்றன. மடை, மதகு, மறுகால், கண்மாய் ஆகியவற்றுக்கு அங்கே அகராதி வேண்டா. நீர் பாய்ச்சும் பெரியவரிடம் கேட்டால் போதும். சொல்லோடு அதன் பயன்பாட்டையும் அவர் விளக்குவார். எழுதி வைப்பார் இல்லையேல் இரண்டும் அவரோடு மறையும். ஏழு நாளில் ஒரு நாளையேனும் கேட்பதற்கென ஒதுக்கலாமே!