ஒரெசபேடி

மைசூரில் கண்ணாடிக் கடைக்கு வழி கேட்கிற தமிழன் ஒருமுறையாவது தவறான இடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. கே.ஆர். சர்க்கிளில் ஒரு பூக்காரரிடம், எனக்குத் தெரிந்த நாலே கன்னடச் சொற்களில் மூன்றைச் செலவழித்து, "கன்னடி அங்கடி எல்லி?" என்று கேட்டேன். அவர் காட்டிய சந்துக்குள் போனால், சுவரோரம் ஆளுயர நிலைக்கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அத்தனையிலும் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். கன்னடி என்றால் அங்கே முகம் பார்ப்பது. மூக்கில் மாட்டுவது கன்னடக.

என் முகமும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஏப்ரலில் கோபியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனேன். திரும்பி வந்து மாட்டியபோது உலகத்தின் மேல் யாரோ கொசுவலை போர்த்தியிருந்தார்கள். துடைத்தேன். வேட்டி முனையால் துடைத்தேன், துண்டால் துடைத்தேன், ஊதி ஊதித் துடைத்தேன். வலை அப்படியே இருந்தது. மைசூரில் இருக்கும் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "புதுசு எங்க வேணா வாங்கிக்கலாம். இங்க வா, அதை அறுத்து மாட்டுற ஆளைக் காட்டறேன்" என்றார்.

சயாஜி ராவ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. சுற்றுவட்டக் கடைகளில் பளபளப்பான மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நாம் தேர்ந்தெடுக்கிற ஃபிரேமும், கம்பெனியிலிருந்து வட்ட வட்டமாக வந்திறங்குகிற லென்ஸும் கடைசியில் சந்தித்துக்கொள்வது இந்த மாதிரி இடத்தில்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் ஒரு சீட்டு. நான் போன காலையில் முப்பது தட்டுகளாவது இருந்திருக்கும். மூலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சாணைக்கல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தானாகவே அளவெடுத்து அறுக்கும் எட்ஜிங் மெஷின் ஒன்று, அதன்மேல் காய்ந்த சாமந்தி மாலை.

பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. சொந்த ஊர் கொள்ளேகால். "எங்கப்பா காலத்துல அது கோயமுத்தூர் ஜில்லா சார். 1956ல கோடு மாத்திப் போட்டாங்க, நாங்க மைசூர் ஸ்டேட் ஆயிட்டோம்" என்றார். கன்னடம் கலந்த தமிழ். உதவிக்கு இருக்கும் பையன் முழுக் கன்னடம்.

என் கண்ணாடியை வாங்கினார். மெஷினில் வைக்கவில்லை. கையை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாக இடவலமாக அசைத்தார். "கம்பி கூடவே ஓடுது, மைனஸ். எதிரா ஓடினா பிளஸ்." பிறகு லென்ஸைச் சக்கரம் போலத் திருப்பினார். "கம்பி கத்தரி மாதிரி கோணுது பாருங்க. சிலிண்டர் கொஞ்சம் இருக்கு. மொத்தம் ஒரு ஆறு வரும்." லென்ஸோமீட்டரில் பையன் வைத்துப் பார்த்தான். மைனஸ் 5.75. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். பச்சையாகத் தெறித்த வெளிச்சத்துக்குள் குளத்து வண்டல் காய்ந்து வெடித்தது போல நுண்ணிய விரிசல்கள். "கார்ல வச்சீங்களா, அடுப்புகிட்ட நின்னீங்களா?"

"கார்லதானுங்க ஐயா. ஆனா வேட்டியில துடைச்சதுல வந்த கீறலோன்னு நெனச்சேன்."

"அது தனியா இருக்குது" என்று விரல் நகத்தால் சுட்டினார். நடுவில், வட்ட வட்டமாக, முடியை விட மெல்லிய கோடுகள். விரிசல் வெயிலின் வேலை, வட்டம் என் வேலை.

லென்ஸ் என்று நாம் சொல்வது ஒற்றைப் பொருள் அல்ல. அடியில் பிளாஸ்டிக். அதன்மேல் சில மைக்ரான் கனத்தில் ஹார்ட் கோட். அதற்கும் மேலே வெற்றிட அறைக்குள் படியவைத்த சிலிக்கா, சிர்க்கோனியா போன்ற ஆக்சைடுகளின் அடுக்குகள். இதைத்தான் கடைகளில் ஏ.ஆர். கோட்டிங் என்கிறார்கள். அத்தனை அடுக்கும் சேர்ந்து அரை மைக்ரான் கனம்கூட வராது. உச்சியில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் வழுக்கிவிட இன்னும் மெல்லிய ஒரு பூச்சு. சூடு ஏறினால் பிளாஸ்டிக் உப்புகிறது. மேலே இருக்கும் ஆக்சைடு கண்ணாடி இனம், அதனால் அவ்வளவு விரிய முடியாது. அறுபது டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு அதை எளிதாகத் தாண்டும். ஃபிரேமுக்குள் லென்ஸை இறுக்கித் திணித்தாலும் இதே விரிசல் வரும் என்பதைப் பெரியவரே ஒப்புக்கொண்டார். "அது எங்க தப்பு. கஸ்டமர் தலையில போட்டுருவாங்க."

இந்தப் பூச்சின் பிறப்புக் கதை எனக்குப் பிடித்தமானது. 1890களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வல்லுநர், களிம்பேறிய பழைய லென்ஸ் புத்தம்புது லென்ஸை விட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதைக் கவனித்தார். அந்தக் களிம்பின் வேலையைச் செய்யும் பூச்சை வேண்டுமென்றே, அளவாகப் படியவைக்கும் வழியை 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கக் கட்டம்வரை அது ராணுவ ரகசியம். ஆக, அழுக்கைப் பார்த்துப் பிறந்த பூச்சு இது. அதன்மேல் இன்று ஒரு விரல்ரேகை பட்டால் போதும், மற்ற லென்ஸில் தெரியாதது இதில் பளிச்சென்று தெரிகிறது. எண்ணெய்ப் படலம் அந்த நுட்பமான ஒளிக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. பூச்சுப் போட்ட கண்ணாடிக்காரர்கள் எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

என்ன லென்ஸ் போடலாம் என்று கேட்டேன். பெரியவர் நேராகப் பதில் சொல்லாமல் பையனிடம் மூன்று பழைய லென்ஸ்களை அறுக்கச் சொன்னார். இவர்கள் பொருளை எண்ணால் அல்ல, மூக்காலும் காதாலும் அறிகிறார்கள். மேசையில் தட்டினால் 'டிங்' என்றால் அசல் கண்ணாடி, 'டொக்' என்றால் பிளாஸ்டிக். நம் கடைகளில் 'ஃபைபர்' என்று விற்பது சி.ஆர். 39. 1940இல் அமெரிக்காவில் கொலம்பியா ரெசின் என்ற பெயரில் ஒவ்வொன்றாகச் சோதித்த கலவைகளில் முப்பத்தொன்பதாவது. சாணையில் வைத்தால் வெண்பொடியாக உதிர்கிறது. பாலிகார்பனேட் பொடியாவதில்லை, சேமியா மாதிரி இழை இழையாகச் சுருண்டு வருகிறது. மூன்றாவதாக, ஒளிவிலகல் எண் 1.67 உள்ள, விலை கூடிய லென்ஸைக் கல்லில் வைத்ததும் பட்டறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அந்தப் பிளாஸ்டிக்கில் கந்தகம் இருக்கிறது. "பணக்கார லென்ஸ் சார், வாடையும் பெருசு" என்று கன்னடத்தில் சிரித்தான் பையன்.

எண் கூடக் கூட லென்ஸ் மெலியும். ஆனால் இலவசமாக அல்ல. சாதாரண ஃபைபரின் ஒளிவிலகல் எண் 1.50. நிறங்களைப் பிரிக்காமல் கடத்தும் தரத்தைக் காட்டும் ஆபே எண் அதற்கு 58. பாலிகார்பனேட்டுக்கு அது 30தான், 1.67க்கும் கிட்டத்தட்ட அதே. ஓரமாகப் பார்க்கும்போது வெள்ளைச் சுவரின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடுகிறது என்று சிலர் சொல்வது இதைத்தான். மெலிந்த லென்ஸ் வெளிச்சத்தையும் அதிகமாகத் திருப்பியடிக்கும். ஃபைபரின் ஒரு பரப்பில் 4 விழுக்காடு என்றால் 1.67இல் 6 விழுக்காட்டுக்கு மேல். பூச்சில்லாமல் அதைப் போடுவதில் அர்த்தமே இல்லை. பாலிகார்பனேட்டின் பெருமை வேறு. எளிதில் உடையாது, ஓடியாடும் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

"உங்க பவருக்கு 1.67 சொல்லியிருப்பாங்களே?" என்றார் பெரியவர். ஆமாம், சொல்லியிருந்தார்கள். 1.74 கூடச் சொன்னார்கள். அவர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டார். அவர் கைக்கணக்கில் சொன்னதை ராத்திரி அறையில் நான் பேனாவால் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 6 ஃபைபர் லென்ஸில், மையத்திலிருந்து விளிம்பு 30 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், நடுவை விட விளிம்பு சுமார் 5.4 மில்லிமீட்டர் கூடுதல் கனம். அதே ஃபிரேமில் 1.67 போட்டால் 4. ஃபிரேமைச் சிறிதாக்கி விளிம்பை 25 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தால், சாதாரண ஃபைபரே 3.8. அதாவது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மெலிவை விடக் கூடுதல் மெலிவு, சின்ன ஃபிரேமில் சும்மா கிடைக்கிறது. இதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. பெரிய ஃபிரேம்தான் இப்போது மோஸ்தர், அதற்குக் கனமான லென்ஸ் அசிங்கம், அதற்கு விலையுயர்ந்த லென்ஸ் மருந்து. நான் சிறிய ஃபிரேமும் 1.60உம் எடுத்தேன்.

நீல ஒளியை வடிகட்டும் 'ப்ளூ கட்' லென்ஸ் தட்டுகள்தான் அன்று அதிகம். ஊர்ப்புறத்தில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது, கணினி முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த லென்ஸ் கணினியால் வரும் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "களைப்பு போகுதோ இல்லியோ, கடைக்காரருக்கு வாடகை போகுது" என்றார்.

மதியம் ஒருவர் வந்தார். ஈட்டி மரத்தில் இழைப்புப் பதிக்கும் தச்சர், வீடு மண்டி மொஹல்லாவில். மைசூரின் பெயர் சொல்லும் தொழில்: கருமரத்தைக் குடைந்து, வேறு வேறு நிற மரச் சீவல்களைப் பொருத்தி, யானையும் தசரா ஊர்வலமுமாக வரைவது. நாற்பதைத் தாண்டியதும் வருகிற பார்வைக் குறையை நாம் வெள்ளெழுத்து என்கிறோம். அவர் சாளீசு என்றார். இந்தியில் நாற்பது என்று பொருள். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சாளேசரம் என்று சொல்வார்களே, அதுவேதான்.

புதுக் கண்ணாடியில் நாளிதழ் தெரிகிறது, வேலை தெரியவில்லை என்பது அவர் புகார். பெரியவர் ஒரு மரப்பலகையைக் கொடுத்து, வேலை செய்கிற மாதிரி உட்காரச் சொன்னார். தச்சர் தரையில் குந்தி, பலகையை முகத்தருகே கொண்டுவந்தார். டேப் வைத்து அளந்தால் 30 சென்டிமீட்டர். பவர் எழுதியவர் 40க்குப் பார்த்து எழுதியிருக்கிறார், படிப்பதற்கான வழக்கமான தூரம் அது. ஒரு சாண் கூட இல்லாத இந்த வித்தியாசம், பவரில் ஒரு முழு டயாப்டர் கேட்காவிட்டாலும் முக்கால் அளவாவது கூடுதலாகக் கேட்கும். சீட்டை மாற்றி எழுதி வாங்கிவரச் சொன்னார். கூடவே, "ஏ.ஆர். வேண்டாம், ஹார்ட் கோட் மட்டும் போடச் சொல்லு" என்றார். மரத்தூளில் உட்கார்ந்து நாளுக்கு இருபது தடவை லுங்கியில் துடைக்கிறவருக்கு அந்தப் பூச்சு ஆறு மாதம் தாங்காது. கடைக்கு அதில் நஷ்டம். பட்டறைக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் உண்மை பேச முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் புது லென்ஸ் மாட்டி முடிந்தது. அணிந்து பார்த்தேன். மூக்கில் வியர்வை, லென்ஸில் என் கட்டைவிரல் ரேகை. கை தன்னிச்சையாகச் சட்டை நுனியைத் தூக்கியது.

"ஒரெசபேடி!" என்று கத்தினான் பையன். "தொளெயிரி சார், தொளெயிரி."

துடைக்காதீங்க, கழுவுங்க. கன்னடத்தில் ஒரெசு என்றால் துடை. நம் காதில் அது உரசு என்றுதான் விழுகிறது, விழுந்தபடியே பொருளும் பொருந்துகிறது. தெருப்புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணல் துகள். அது கண்ணாடியை விடவே கடினம், பிளாஸ்டிக் எம்மாத்திரம். உலர்ந்த லென்ஸில் துணி வைத்துத் தேய்க்கும்போது நாம் செய்வது உப்புத்தாள் போடும் வேலை. என் அப்பா விபூதி தொட்டுத் துடைப்பார். அவருடையது அசல் கண்ணாடி, பூச்சில்லாதது, ஓரளவு தாங்கியது. அவர் பழக்கத்தை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன், லென்ஸ் மாறிவிட்டது.

பையன் குழாயடிக்கு அழைத்துப்போய்ச் செய்து காட்டினான். முதலில் ஓடும் தண்ணீர், வெந்நீர் கூடாது. தூசு தானே மிதந்து போகட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் இருபுறமும். மூக்குப் பட்டையிலும் ஃபிரேமின் காடியிலும் பச்சையாகத் திரண்டிருப்பதை எடுக்கப் பழைய மெல்லிய பல்துலக்கி. அலசி, உதறி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடு, போர்வெல் தண்ணீரென்றால் உப்புப் புள்ளி விழுமுன் எடு. கடையில் தரும் மைக்ரோஃபைபர் துணியையும் துவைக்க வேண்டும், கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் போடாமல். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் பாலிகார்பனேட்டைக் கெடுத்தேவிடும். கண்ணாடி ஜன்னல் துடைக்கும் அம்மோனியா கலவையும் பற்பசையும் கிட்டே வரக்கூடாது.

1962இலிருந்து நாட்டின் தேர்தல்களுக்கு விரலில் வைக்கும் அழியாத மை இந்த ஊரில்தான், மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் ஆலையில்தான், தயாராகிறது. எப்படித் துடைத்தாலும் போகாத மையைச் செய்யும் ஊருக்கு, துடைக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் அடுத்த தட்டை எடுத்துவிட்டார்.

மறுநாள் சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் பஸ். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் மண் லாரி, ஜன்னல் மூட மறுக்கிறது. பத்தாவது வளைவுக்குள் லென்ஸ் முழுக்கச் செம்புழுதி. கைக்குட்டை பையிலேயே இருந்தது. மங்கலாகவே காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பாறையை யானை என்றும், பிறகு ஒரு யானையைப் பாறை என்றும் எண்ணினேன். பண்ணாரியில் பஸ் நின்றதும் ஓடிப்போய்க் கோயில் குழாயில் பிடித்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு ஏறினேன்.